மாடித் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நர்சரிக்குப் போய் கலர் கலராகப் பூச்செடி வாங்கி, மொட்டைமாடியில் வரிசையாக அடுக்கிவிட்டு, "ஒரு பட்டாம்பூச்சிகூட வரலையே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வராமல் இல்லை, வருகிறது, கொஞ்சம் தேன் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. உங்கள் மாடியிலேயே முட்டை வைத்து அடுத்த தலைமுறை அங்கேயே பறக்க வேண்டும் என்றால் பூ போதாது, இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கென்று உள்ள இலை. தாய்ப் பூச்சி ஒவ்வொரு இலையாக உட்கார்ந்து முன்னங்காலால் தட்டி ருசி பார்க்கும், பிள்ளை தின்னும் இலை இதுதான் என்று தெரிந்தால்தான் முட்டை வைக்கும். ஆகவே இந்தத் தோட்டத்தில் நாம் வளர்ப்பது தின்னக் கொடுப்பதற்கு. இலையில் ஓட்டை விழுந்தால் மனசு கேட்காது என்பவர்கள் குரோட்டன்ஸ் வளர்க்கலாம், தப்பில்லை.

நான் சொல்லும் செடிகள் சென்னை, மதுரை, திருச்சி மாதிரியான சமவெளி ஊர்களுக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு பட்டியல் வேண்டும்.

முதல் வேலை: இடத்தைப் பார்ப்பது

செடி வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெயில் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும், அதனால் காலை வெயில் நாலைந்து மணி நேரமாவது விழும் இடம் வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதிர்ஷ்டம். காற்று அடித்துத் தள்ளும் இடத்தில் பூச்சி உட்காராது, எனவே கைப்பிடிச் சுவரின் மறைவிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ ஒரு மூலையைப் பிடித்து அங்கேயே செடிகளை நெருக்கமாக வையுங்கள். மாடி முழுக்க ஒன்றொன்றாகப் பரப்பி வைப்பதைவிட ஒரு மூலையில் புதர் மாதிரி அடர்த்தியாக வைப்பதுதான் பறவைக்கும் பூச்சிக்கும் பிடிக்கும்.

அப்புறம் எடை. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. 15க்கு 15 அங்குல வளர்ப்புப் பை ஒன்றில் 40 லிட்டருக்கு மேல் மண் பிடிக்கும். வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் ஒரு பையே 70 கிலோவைத் தொடும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டட விதிகள் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அந்த ஒரு சதுர மீட்டரில் அப்படி இரண்டு பை வைத்தாலே கணக்கு முடிந்துவிடும், அதற்கு மேல் நீங்களும் நிற்க வேண்டும். எனவே மண் கலவை லேசாக இருக்க வேண்டும், பெரிய தொட்டிகள் பீம் ஓடும் இடத்திலும் சுவரை ஒட்டியும் மட்டுமே இருக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். எல்லாத் தொட்டிக்கும் அடியில் ரெண்டு செங்கல் வைத்துத் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தேங்காது, கீழ்வீட்டுக்காரரிடம் சண்டையும் வராது.

தொட்டி, மண்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை வாங்கியதும் அப்படியே போடாமல் ஊறவைத்து ரெண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். எல்லோரும் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கச் சொல்வார்கள், காய்கறிக்குச் சேர்க்கலாம், ஆனால் புழு தின்ன வேண்டிய செடியின் தொட்டியில் நான் அதைப் போடுவதில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு 18 அங்குலப் பை, மற்றதற்கு 12 போதும். பழைய பெயின்ட் வாளியும் போதும், நன்றாகக் கழுவி அடியில் ஓட்டை போட்டிருந்தால் சரி.

இலைச் செடிகள்: இங்கேதான் தொடங்க வேண்டும்

நாலு செடி சொல்கிறேன். இந்த நாலும் இருந்தால் ஒரு வருடத்துக்குள் மாடியில் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியை நீங்களே தேடிப் போவீர்கள்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் முதலில். சமையலுக்கு எப்படியும் வேண்டும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று ரெண்டு பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டை வைக்கும். கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சளாக ஒரு உருண்டை தெரிந்தால் அது முட்டை. சில நாளில் புழு வரும். சின்ன வயதில் அது பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், ஏமாந்து துடைத்துப் போட்டுவிடாதீர்கள். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பளிச்சென்று பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். பயமுறுத்துவதற்குத்தான், கடிக்காது, கொட்டாது. நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

ஒரு சிக்கல் உண்டு. சின்னக் கன்றாக இருந்தால் நாலு புழு சேர்ந்து மொட்டையடித்துவிடும். அதனால் ஒன்றுக்கு ரெண்டு கறிவேப்பிலைச் செடியாக வையுங்கள், ஒன்று தாளிக்க, ஒன்று புழுவுக்கு. வீட்டுச் செடியில் புழுவைப் பார்த்தால் மெதுவாக இலையோடு எடுத்து அடுத்ததில் விட்டுவிடலாம். மொட்டையான செடி வேர் நன்றாக இருந்தால் மறுபடியும் துளிர்க்கும், கறிவேப்பிலை எவ்வளவு ஒடித்தாலும் தழைக்கும் என்பது நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியாததா.

மூன்றாவது எருக்கு. வீட்டில் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளெருக்கு என்றால் பிள்ளையாருக்கு ஆகும் என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள், அதை வையுங்கள், பூச்சிக்கு ரெண்டும் ஒன்றுதான். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பூச்சி இதில் முட்டை வைக்கும். அதன் புழு கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு திருவிழாவுக்குக் கிளம்பியது போல இருக்கும், ஒளிவதே இல்லை. எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை, அந்தத் தைரியம். பெரிய எருக்கைத் தோண்டி எடுத்து வந்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, வேர் நேராக ஆழத்துக்குப் போயிருக்கும். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் சமயத்தில் விதை எடுத்து வந்து தொட்டியிலேயே முளைக்க வையுங்கள். முக்கியமாக ஒன்று: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. இலை கிள்ளிய கையோடு முகத்தைத் தொடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நாலாவது ஈஸ்வரமூலிக் கொடி. தரையில் படரும் ஆடுதீண்டாப்பாளையும் இதே குடும்பம்தான், ரெண்டில் எது கிடைத்தாலும் சரி. நாட்டு மருந்துச் செடி விற்கும் நர்சரிகளில் கேளுங்கள். சிவப்புடல் அழகி, ரோஜா அழகி ரெண்டும் இந்தக் கொடிக் குடும்பத்தை விட்டால் வேறெதிலும் முட்டை வைக்காது. கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டிவிட்டால் ஏறிக்கொள்ளும். இந்தச் செடியின் விஷத்தால் ரோஜா அழகியையும் பறவைகள் ஒதுக்கிவிடும். அதைப் பார்த்து கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு பகுதி ரோஜா அழகியின் வேஷத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரியும். உடம்பைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் வேஷக்காரி. மாடியில் ரெண்டு செடியும் இருந்தால் ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், இதைவிட என்ன பொழுதுபோக்கு வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் செவ்வரளி இருந்தால் அதன் இலையடியைத் திருப்பிப் பாருங்கள். வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு அங்கே வெள்ளிப் பாத்திரம் தேய்த்து வைத்த மாதிரி மின்னிக்கொண்டு தொங்கும். அரளியும் விஷச் செடி, அதே எச்சரிக்கை இதற்கும். தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையைப் பிடுங்காமல் விட்டால் வேறொரு இனம் அதற்கும் வரும், அதன் பெண் வெந்தய வரியன் போலவே வேஷம் போடும். மாதுளை வைத்திருப்பவர்கள் பழத்தில் ஓட்டையைப் பார்த்துத் திட்டுகிறார்களே, அதைக் குடைவதும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுதான். அதற்கு மட்டும் பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிடலாம், அது நம் பழம்.

அப்புறம் பூ

இட்லிப்பூ ஒன்று கட்டாயம். குட்டை ரகத்தைவிடப் பழைய உயர ரகம் நல்லது, நீளமான குழாய்ப் பூவில்தான் பெரிய அழகிகள் நின்று குடிக்கும். செம்பருத்தியில் அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஒற்றை இதழ் நாட்டுச் செம்பருத்தி வையுங்கள், தேன்சிட்டு வரும். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது நம் பழக்கம், ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள், காலையில் தேனீ மொய்க்கும். தும்பையும் மூக்குத்திப் பூண்டும் களை என்று பிடுங்கப்படும் செடிகள், ஆனால் சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு இவற்றைவிட நல்ல தீனி கிடையாது. செலவே இல்லாமல் வரும், ஒரு தொட்டியை அவற்றுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இரண்டும் கிடைத்தால் விடாதீர்கள். வெந்தய வரியன் மாதிரியான வரியன் வகைப் பூச்சிகளின் ஆண்கள் இந்தச் செடிகளில் தேனுக்காக மட்டும் வருவதில்லை, பெண்ணை ஈர்க்கும் வாசனை தயாரிக்க இவற்றிலுள்ள ஒரு ரசாயனம் அவற்றுக்கு வேண்டும். காய்ந்த தேள்கொடுக்குக் கிளையில்கூடக் கூட்டமாக வந்து உறிஞ்சும், காய்ந்துவிட்டதே என்று உடனே வெட்டி எறிய வேண்டாம்.

உண்ணிச்செடியை நர்சரியில் காட்டி "பட்டர்ஃப்ளை நிறைய வரும் சார்" என்பார்கள். வரும், உண்மைதான். ஆனால் நம் காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் வெளிநாட்டுச் செடி அது, பறவை தின்று விதையைக் கொண்டுபோய் எங்கெங்கோ போடும். வேண்டாம்.

காய்கறி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் நுனித் துளை வழியாகத்தான் கொட்டும், பூவைப் பிடித்து அதிர வைக்க வேண்டும். சாதாரணத் தேனீயால் இது முடியாது, நீலவரித் தேனீயும் கறுப்பாகப் பெரிதாக ரீங்கரித்து வரும் தச்சுத் தேனீயும் செய்யும். தச்சுத் தேனீயைப் பார்த்ததும் விளக்குமாற்றைத் தூக்காதீர்கள், உங்கள் கத்தரிக்காய் அதன் தயவு. காய்ந்த மூங்கில் துண்டுகள் நாலைக் கட்டி மழை படாத இடத்தில் தொங்கவிட்டால் அங்கே குடியிருக்கும். சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு குட்டியாக ஏதாவது போய்வந்தால் அது கொசுத்தேனீ, கொட்டாது, சிமென்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் வைக்கலாம், ஆனால் கொசு

அகலமான மண் தட்டில் ரெண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல், அவ்வளவுதான். கல் இல்லாவிட்டால் தேனீக்கள் விழுந்து சாகும். பூனை பதுங்க இடமில்லாத, அதே சமயம் பறவை பறந்து ஒதுங்க ஒரு செடி பக்கத்தில் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி சுத்தமான தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் தண்ணீர் மாற்றுங்கள், வாரம் ஒரு தடவையாவது தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை நான் எடுத்துவிடவே சொல்வேன். மாநகராட்சி ஆட்கள் சோதிக்க வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான், பார்ப்பதும் நியாயம்தான். அல்லித் தொட்டி வைக்க ஆசை என்றால் கப்பி மீன் நாலு விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும், பெருகியதும் கொண்டுபோய் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மண் தட்டில் அரிசி, கம்பு போடுவதைப் பற்றி. போட்டால் சிட்டுக்குருவிக்கு முன்னால் புறா வரும், புறாவுக்குப் பின்னால் எலி வரும். தானியத்துக்குப் பதில் கம்பு, தினை நாலு செடி தொட்டியில் வளர்த்துக் கதிரோடு விட்டுவிடுங்கள், எனக்குத் தெரிந்து அதுதான் தொல்லையில்லாத வழி.

மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெயும் மருந்துதான்

இயற்கை மருந்து என்பதால் வேப்பெண்ணெய்க் கரைசலை எல்லாச் செடிக்கும் வாராவாரம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மாவுப்பூச்சி வேறு, அழகியின் புழு வேறு என்று தெரியாது. காய்கறித் தொட்டியில் தேவைப்பட்ட இடத்தில் மட்டும், சாயங்காலம், பூ இல்லாத இலையில் அடியுங்கள். இலைச் செடிகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எருக்கிலும் அரளியிலும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி மஞ்சளாக அப்பியிருக்கும், பார்த்துப் பதற வேண்டாம். கொஞ்ச நாள் விட்டால் பொறிவண்டு வந்து முட்டை வைக்கும், அதன் குட்டிகள் முதலை மாதிரிக் கரடுமுரடாக இருக்கும், அசுவினியைக் காலி செய்வது அவைதான். ரொம்ப அதிகமானால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் போதும்.

நர்சரியிலிருந்து வாங்கிய செடியில் ஏற்கெனவே பூச்சிமருந்து ஏற்றியிருக்கலாம், சில மருந்துகள் இலை, தேன், மகரந்தம் எல்லாவற்றிலும் ஊறிவிடும். புதுச் செடியைத் தனியாக வைத்து, இருக்கிற இலைகள் உதிர்ந்து புதுத் துளிர் விட்ட பிறகு மற்றவற்றோடு சேர்ப்பது பாதுகாப்பு. விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுப் பதியனிலிருந்தோ தொடங்கினால் இந்தக் கவலையே இல்லை.

வீட்டில் "ஐயோ கம்பளிப்பூச்சி" என்று யாராவது அலறினால்: உடம்பு முழுக்க அடர்த்தியாக முடி இருப்பது, முருங்கையில் கூட்டமாக மரத்தில் ஒட்டியிருப்பது, அது அந்துப்பூச்சி வகை, அரிக்கும், தொடாதீர்கள். மேலே சொன்ன நாலு செடியிலும் வரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு முடி கிடையாது. சிலவற்றுக்குச் சதை நீட்டல்கள் முள் மாதிரி இருக்கும், குத்தாது.

பறவை கூடு கட்டினால்

தையல்சிட்டு அகலமான இலையை மடித்துத் தைத்துக் கட்டும், தேன்சிட்டு சிலந்தி வலையையும் பஞ்சையும் சேர்த்துத் துணிக்கொடியிலேகூடத் தொங்கவிடும், கொண்டைக்குருவி தொங்கும் தொட்டிக்குள்ளேயே கிண்ணம் செய்துகொள்ளும். சிலந்தி வலையை முழுக்க ஒட்டடை அடித்துவிடாமல் மூலையில் கொஞ்சம் விடுங்கள், தேன்சிட்டுக்குக் கூடு கட்டவும் வேண்டும், குஞ்சுக்கு ஊட்டச் சிலந்தியும் வேண்டும். தேன் குடிக்கும் பறவை என்றாலும் குஞ்சு வளர்வது பூச்சியில்தான்.

கூடு தெரிந்ததும் தொட்டியை நகர்த்தாதீர்கள், செடியை வெட்டாதீர்கள், தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள். போனைக் கிட்டே கொண்டுபோய்ப் படமெடுப்பது வேண்டவே வேண்டாம், நீங்கள் அடிக்கடி போய்வருவதைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். தேன்சிட்டுக்கு அடைகாக்க ரெண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு ரெண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை துணி காயப்போட வேறு கொடி கட்டிக்கொள்ளலாம்.

தையல்சிட்டு உங்கள் எலுமிச்சைப் புழுவைத் தூக்கிப் போவதைப் பார்க்கும் நாளும் வரும். ஓணானும் தின்னும், குளவியும் தூக்கும். புழுவைக் காப்பாற்ற டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் உண்டு, குழந்தைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு என்றால் சரி, எல்லாவற்றையும் அப்படிச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. ஒரு தாய் பத்திருபது இடத்தில் முட்டை வைப்பது இந்தச் சேதாரத்தையும் கணக்கில் வைத்துத்தான்.

எப்போது தொடங்குவது, யாரிடம் செடி கேட்பது

ஆடி மாதம் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும், மழைக்குப் பிறகு மார்கழி, தையில் பூச்சிகளின் நடமாட்டத்தைப் பார்க்கலாம். சித்திரை வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும், அதற்கு மேல் இருட்டாக்கினால் பூ குறையும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுப்பது உண்டு, பையும் நார்க்கழிவும் அதில் கிடைத்துவிடும், உங்கள் வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள். என்ன பூச்சி வந்தது என்று பெயர் தெரிந்துகொள்ள ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பயிற்சிக்கு நேரில் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, அங்கே எந்தெந்தச் செடி வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

செடி கிடைப்பது மற்ற மாடித்தோட்டக்காரர்களிடம்தான். கறிவேப்பிலையின் வேரில் வரும் பக்கக் கன்று, இட்லிப்பூக் குச்சி, ஈஸ்வரமூலி விதை, கிலுகிலுப்பை நெற்று, இவையெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற பொருட்களே இல்லை. நீங்கள் கொடுக்கும்போது இலையடியைத் திருப்பிப் பார்த்து, முட்டையோ புழுவோ இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்.